ஊமையன் மூலையில் ஒரு புள்ளி

செய்தியைக் கொண்டுவந்தவர் காதர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் காதர்தான். காலை நேரம். நான் வாசலில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து 'ஞ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். அந்த எழுத்து எனக்கு இன்னும் வசப்படவில்லை. பாம்பு போல ஆரம்பிக்கிறது, எங்கே முடிப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. காதர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"அங்கப்பண்ணே, கிராணி போயிட்டாருலா."

"எங்க வெச்சு?"

"பெரியாஸ்பத்திரி கிட்ட."

"கிட்டயா, ஆஸ்பத்திரியிலயா?"

காதர் என்னை முறைத்தார். பிறகு முகம் உடைந்தது. "ஆஸ்பத்திரியிலதாண்ணே. கட்டில்லதான். அவரு செத்த அன்னைக்காவது அந்தக் கேள்விய விடக்கூடாதா?"

"அவரு செத்த அன்னைக்குக் கேக்காம வேற என்னைக்குக் கேக்குறது?"

இருவரும் அழுதோம். இடையில் ஒருமுறை சிரித்தும் விட்டோம். சூசைமாணிக்கம் கிராணியாரை அறிந்தவர்களுக்கு இது விபரீதமாகப் படாது. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். காவல் நிலையத்தில் எழுத்தராகவும் தமிழ்த் துபாஷியாகவும் இருந்தவர் அவர். அடிபட்டவர், பறிகொடுத்தவர், பார்த்தவர் யார் வந்தாலும் நம் பேச்சைத் துரைக்கு விளங்கும்படி இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நான் அந்நாளில் தண்ணீர் வண்டி ஓட்டினேன். தார் போடாத சாலைகளில் புழுதி அடங்க மாட்டு வண்டியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிற வேலை. இப்போது சாலைகளும் கறுத்துவிட்டன, மாடுகளும் இல்லை. எழுதுவதற்கு வேண்டிய நேரம் எனக்கு இருக்கிறது.

நடந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெலுத்தோங் சாலையில், ஆற்றுப் பக்கமிருந்து வரும் சந்து வந்து சேரும் ஒரு மூலை. ஒரு பக்கம் மரம் அறுக்கும் ஆலை. மூலைக்குச் சற்று வடக்கே தண்ணீர்க் குழாய், தெற்கே ஒரு புளியமரம். எதிரே அந்நாளில் காதர் கடை. குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள அந்த மூலைக்கு ஒரு பெயர் உண்டு. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம். குதிரை வண்டிக் காலத்தில் வாய் பேச முடியாத ஒருவன் அங்கே சக்கரத்தில் விழுந்தான் என்றும், கத்தக்கூட முடியாமல் போனான் என்றும் கதை. அன்று முதல் நடுப்பகலில் அங்கே போகிறவர்களைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த இடத்தின் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் 'என்ன?' என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். அதனால் பக்கத்திலிருப்பதைச் சொல்வோம். குழாய் கிட்ட, மரத்துக் கிட்ட, கடை கிட்ட.

கிராணியாரை நான் முதலில் சந்தித்தது ஒரு வாக்குமூலத்தில். அரிசி மூட்டை சுமக்கிற ஒருவரை லாரி தள்ளிவிட்டுப் போனதை வண்டியிலிருந்து பார்த்தவன் நான். நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. நாற்காலியைத் தம் கையாலேயே இழுத்துப் போட்டார். என்னை யாரும் அதுவரை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. நுனியில் உட்கார்ந்தேன்.

"எங்க நடந்துச்சு, அண்ணே?"

"குழாய் கிட்டங்க, ஐயா."

"குழாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"கிட்டங்க."

"கிட்டன்னா? கை நீட்டினா குழாயத் தொடலாமா?"

"அவ்வளவு கிட்ட இல்லீங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். கோபமில்லை. சிரிப்பை அடக்குகிறவர் போல மீசையைத் தடவினார். "போன தடவை வந்தவரு புளியமரத்துக் கிட்டன்னாரு. அதுக்கு முன்னால ஒரு அம்மா காதர் கடை கிட்டன்னாங்க. இந்த ஊர்ல எல்லாரும் கிட்டதான் அடிபடறாங்க. ஒருத்தர்கூட எங்கயும் அடிபட்டதில்ல போலருக்கு!"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. குழாய்க்கு அருகில் என்றே எழுதிக்கொண்டார். பின்னாளில் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கிட்டன்னு சொல்றவரு பொய் சொல்லலண்ணே. பயத்த மரியாதையா சொல்றாரு." அந்த வார்த்தையை நான் நெடுநாள் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

நிலையத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பதும் என் பாதையில் சேர்ந்ததுதான். ஒருநாள் மாட்டை நிறுத்தச் சொல்லி உள்ளே கூப்பிட்டார். சுவரில் ஊரின் படம் தொங்கியது. சாலைகள் கோடுகளாக, வீடுகள் கட்டங்களாக, கடல் வெறும் காகிதமாக. அதில் குண்டூசிகள் குத்தியிருந்தன. சிவப்புத் தலை ஊசி சக்கரத்தில் அடிபட்டவருக்கு. கறுப்புத் தலை ஊசி திருடனிடம் பறிகொடுத்தவருக்கு. புதிதாக வந்த துரையின் ஏற்பாடு அது. ஊசிகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே காவலரை அனுப்புவது அவர் திட்டம். ஊசி என்று கிராணியார் சொல்ல மாட்டார். புள்ளி என்பார்.

ஊரெங்கும் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஓரிடத்தில் மட்டும் சிவப்பும் கறுப்பும் கலந்து வட்டமாக நின்றன. வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. அங்கே காகிதம் சுத்தமாக இருந்தது.

"என்ன மாதிரி இருக்கு, சொல்லுங்க."

"மோதிரம் மாதிரி இருக்குங்க, ஐயா."

"கல்லு எங்க?"

நான் படத்தை நெருங்கிப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவன் என்றாலும் குழாயும் மரமும் எங்கே இருக்கும் என்று கோடுகளைப் பார்த்தே தெரிந்தது. நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், அந்த இடத்தைச் சுற்றி ஒரு வேலி கட்டி வைத்திருந்தோம். வேலிக்கு நடுவில் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"மாடு நிக்காதுங்க, நான் வாரேன்," என்று வெளியே வந்துவிட்டேன். மாடு அசையாமல் அசைபோட்டுக்கொண்டுதான் நின்றது.

துரை வட்டத்தின் இரண்டு பக்கத்தில், புள்ளி அதிகமாகக் கூடிய இடங்களில், காவலரை நிறுத்தினார். குழாயடியில் ஒருவர், மரத்தடியில் ஒருவர். நடுவில் புள்ளி இல்லை, ஆகவே அங்கே ஆபத்து இல்லை. படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காதர் தம் கடையில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னார்: "குழாய்க்கும் மரத்துக்கும் காவல் போட்டாச்சு. இனிமே ரெண்டையும் எவனும் தூக்கிட்டுப் போக முடியாதுலா!" எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த சில நாளில், இரண்டு காவலருக்கும் நடுவில், பட்டப்பகலில் ஒரு முதியவர் காரில் அடிபட்டார். இரு காவலரும் ஒன்றையே சொன்னார்கள். அங்கேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், சத்தமே வரவில்லை, கார் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"மதியம் என்னோட வாங்கண்ணே," என்றார் கிராணியார்.

"மதியமா? வேணாங்க."

"மதியம்தான். நீங்களே ஊமையன் மூலைன்னு பேரு வெச்சிருக்கீங்க..."

நான் துண்டால் காதைப் பொத்திக்கொண்டேன். நிலையத்தில் யாரோ கிசுகிசுத்து அவர் காதுக்கும் பெயர் எட்டியிருக்கிறது. அவர் என் கையை மெல்ல இறக்கினார். "ஊமைன்னு பேரு வெச்சுட்டு, அது கூப்பிடுதுன்னும் சொல்றீங்க. ஊமை எப்படிண்ணே கூப்பிடும்?"

இதை அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததனால் போனேன்.

ஆலை காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்தது. பல்வாள் மரத்துக்குள் போகும்போது ஊரே பல்லைக் கடித்துக்கொள்வது போல இருக்கும். அதன் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சு அவனுக்கே கேட்காது. நான் மரத்தடியில் நின்றேன். கிராணியார் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நேராக மூலைக்குப் போனார். அங்கே சாலை முழுக்க மரத்தூள், மஞ்சளாக, மெத்தை போல. நிழல்கள் எல்லாம் காலடிக்குள் சுருங்கிவிட்ட நேரம். அப்போது, சாப்பாட்டு நேரத்துக்காக, ஆலை நின்றது.

நின்ற பிறகு வந்ததை அமைதி என்று சொல்ல மாட்டேன். காதுக்குள் யாரோ பஞ்சைத் திணித்தது போல இருந்தது. காதர் கடையில் பாத்திரம் விழுந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. சந்திலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு இரண்டு பேர் வந்தார்கள். மூலையை அடைந்ததும் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு கடந்தார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கடப்போம். கிராணியார் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடுகள் அசைந்தன. குரல் இல்லை. சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அவருக்குப் பக்கவாட்டில், ஆலைச் சுவர் வளைகிற இடத்திலிருந்து ஒரு கார் வந்தது. மரத்தூளின் மேல் அது உருண்டு வந்த விதம் எனக்கு இன்றும் கனவில் வருகிறது. சக்கரம் சுற்றுகிறது, தூள் பறக்கிறது, ஓட்டுகிறவர் வாய் திறந்து கத்துகிறார், ஒரு துளி சத்தம் இல்லை. நான் கூப்பிட நினைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் வாய் திறக்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராணியார் சட்டென்று திரும்பினார். என்னை நேராகப் பார்த்தார். என் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தார். கார் அவர் குடையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

மரத்தடிக்கு வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே," என்றார். கூட வந்ததற்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மூச்சு வந்த பிறகு கிழிந்த குடையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "திரும்பினவன் பொழச்சான். இங்க யாரும் திரும்பறதில்ல. வண்டிக்காரன் கத்தினாலும் திரும்பறதில்ல, திருடன்னு பக்கத்துல இருக்கறவன் கத்தினாலும் திரும்பறதில்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் வேகமா தலையக் குனிஞ்சுக்கறோம். செவப்புக்கும் கறுப்புக்கும் ஒரே வேர்தாண்ணே."

அவருக்கு விளங்கிவிட்டது. ஆலை நின்ற பிறகும் செவி திறக்காமல் இருப்பது, மரத்தூள் சக்கரத்தின் ஓசையைத் தின்பது, எங்கள் குனிந்த தலை, எல்லாம் விளங்கிவிட்டன. ஆனால் துரை ஒத்துக்கொள்ளவில்லை. அடிபட்டவரோ பார்த்தவரோ தம் வாயால் சொன்ன இடத்தில்தான் புள்ளி வைக்கலாம், நமக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் வைத்தால் அது படமில்லை, ஜோசியம் என்றாராம். "அதுவும் நியாயந்தான்," என்று கிராணியார் என்னிடம் சொன்னார். ஆகவே ஒரு வாய் வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போனார். "யாரு கூப்பிட்டாங்கன்னு நான் எழுத மாட்டேன். எங்க கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க," என்று கெஞ்சினார். நல்ல மனிதர் என்று எல்லாரும் காப்பி கொடுத்தார்கள். குழாய் கிட்ட, மரத்துக் கிட்ட என்றார்கள்.

இதற்குள் எனக்கு வேறொரு கவலை முற்றிக்கொண்டிருந்தது. என் மகள் செல்லம்மா. அவள் புருஷனுக்கு ஆற்றங்கரைப் படகுத் துறையில் வேலை. தினமும் நடுப்பகலில் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சோறு எடுத்துக்கொண்டு அந்த மூலையைக் கடப்பாள். அப்போது அவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். சுற்றிக்கொண்டு போகச் சொன்னால், "சுத்திப் போனா சோறு ஆறிப்போவும்பா. பசிக்கிறவனுக்குப் பேயப் பத்தியா சொல்றது?" என்பாள். நான் ஒவ்வொரு நடுப்பகலும் வண்டியை எங்கே நிறுத்தியிருந்தாலும் அவள் கரை சேர்ந்திருப்பாளா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மதியம் அவள் காதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விரலிடுக்கில் இரத்தம். பின்னாலிருந்து ஒருவன் தோட்டைப் பறித்திருக்கிறான். காதர் எதிரிலிருந்து, "செல்லம்மா! செல்லம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தன் பெயர் கேட்டதும் அவள் தலையை இன்னும் குனிந்துகொண்டு முன்னால் ஓடியிருக்கிறாள், லாரிக்கு நேராக. கூடை நசுங்கியது. அவள் மரத்தூளில் விழுந்து பிழைத்தாள். இவ்வளவும் காதர் வந்து சொன்னது. அவளைக் கேட்டால், "குழாய் கிட்ட விழுந்துட்டேன்பா," என்றாள்.

மறுநாள் கிராணியார் வந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"புள்ளத்தாச்சி, ஐயா. அவ வாயால வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே பார்க்கவில்லை. "சரிண்ணே. வேணாம்," என்றார். கிழிந்து தைத்த குடையை விரித்தார். ஒரு சொல்கூட மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

செல்லம்மாதான் உள்ளிருந்து கூப்பிட்டாள். "ஐயா, அடுத்து அடிபடறது யாரு?"

"தெரியாதும்மா," என்றார். "அது மட்டும் எனக்கு எப்பவும் தெரியாது. எங்கன்னு தெரியும். யாருன்னு தெரியாது."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஊமையன் மூலையில," என்றாள். "கிட்ட இல்ல, ஐயா. மூலையில."

அந்த நொடியில் தூரத்தில் ஆலை நின்றது. நடுப்பகலாகிவிட்டது. நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். வாசல் வெயிலில் ஒரு கோழி குனிந்தது, நிமிர்ந்தது. யாரோ சந்தில் நடந்து வருவது போலவும், வீட்டுக்கு நேராக வந்து நிற்பது போலவும் எனக்குத் தோன்றியது. 'என்ன?' என்று கேட்கப் போகிறது என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கிராணியார் நெற்றியிலும் தோளிலும் சிலுவை வரைந்துகொண்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

வட்டத்தின் நடுவில் அப்படித்தான் முதல் புள்ளி விழுந்தது. கருவுற்றவள் சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை என்று ஊரில் பரவியதும் மற்றவர்களும் வந்தார்கள். குழாயடியிலிருந்து, மரத்தடியிலிருந்து, காதர் கடையிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு நடுவுக்குப் போயின. துரை அவற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாராம். காவலர் இருவரும் மூலைக்கு வந்தார்கள். ஆலை முதலாளி மரத்தூளைப் பெருக்க ஆள் வைத்தார். ஆலையை நிறுத்துமுன் சேகண்டி அடிக்கச் செய்தார்கள். அப்புறம் எச்சரிக்கைப் பலகை வந்தது, நான்கு மொழி எழுத்துகளில்.

பலகைக்குத்தான் பெரிய சண்டை. "பேர வாயால சொன்னது போதாதுன்னு எழுதியும் போட்டீங்களா? அது வாசிச்சுட்டு வந்துடும்லா!" என்று காதர் குதித்தார்.

"ஊமைக்கு யாரு, காதர், எழுத்துச் சொல்லிக் குடுத்தா?" என்றார் கிராணியார்.

"எனக்கே யாரும் சொல்லிக் குடுக்கலியே," என்றேன் நான்.

கிராணியார் என்னைப் பார்த்தார். என் மாட்டுச் சாட்டைக் கோலை வாங்கி, பலகையில் தமிழ் வரியைத் தொட்டுக் காட்டினார். 'ஊமையன் மூலையில் மெதுவாகச் செல்க.' நான் கற்றது அந்த வரியில்தான். வண்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு எழுத்து. 'ஊ'வுக்குள் ஒரு குட்டி எழுத்து உட்கார்ந்திருப்பதைக் கண்ட அன்று மாட்டிடம் சொல்லிச் சிரித்தேன். 'ல்' வந்த நாள்தான் எனக்குத் திருநாள். "தலையில ஒரு புள்ளி இருக்கு பாருங்க. அத எடுத்துட்டா 'மூலையில' ஆயிடும், வீட்டுப் பேச்சு. வெச்சா எழுத்து. வெச்சாத்தான் நெலைக்கும்," என்றார். ஊசி குத்தியது போலவே இருந்தது அந்தப் புள்ளி.

மூலையில் கறுப்புப் புள்ளிகளும் நின்றுபோயின. திருடர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "பலகைய வாசிச்சிருப்பாங்கண்ணே. நம்மள விடப் படிச்சவங்க," என்றார். செல்லம்மாவின் மகள் இன்று அந்த மூலை வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். அதன் பெயரை ராகம் போட்டுப் பாடிக்கொண்டு போகிறாள். எனக்கு இன்னும் உள்ளூரச் சற்று நடுங்கும்.

கிராணியாரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவர் உடம்பு போர்வைக்குள் இருப்பதே தெரியவில்லை. வெளியே மதிய வெயில். சாளரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு மூலையில நீங்க கூப்பிடலன்னா நான் போயிருப்பேண்ணே."

"நான் எங்க, ஐயா, கூப்பிட்டேன்? எனக்கு வாயே வரல."

"கூப்பிட்டீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா? 'தம்பி'ன்னீங்க. அதனாலதான் திரும்பினேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்றும் சரி, அதற்குப் பின் இத்தனை காலத்திலும் சரி, நான் அவரைத் தம்பி என்று ஒருமுறையும் கூப்பிட்டதில்லை. கிராணி ஐயா என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் வந்ததில்லை. அதைச் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். பயந்தவராகத் தெரியவில்லை. ஒரு வாக்குமூலத்தில் ஏதோ விட்டுப்போயிற்று என்று தேடுகிறவர் போல இருந்தார்.

"சரி. இப்பக் கூப்பிடுங்க."

"வேணாங்க, ஐயா."

"ஒருக்காக் கூப்பிடுங்கண்ணே."

"தம்பி," என்றேன். குரல் உடைந்து, பாதிக் காற்றாக வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு புன்னகை செய்தார். "அதே குரல்தான்," என்றார்.

மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். மரச் சிலுவையில் பெயர் எழுதியிருந்தது. நானும் காதரும் தவிர எல்லாரும் போன பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தேன், சத்தமாக. 'சூசைமாணிக்கம்.' கடைசி 'ம்'மின் தலையிலும் ஒரு புள்ளி. செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று காதர் என் சட்டையை இழுத்தார். அவர் எங்கே இருக்கிறார் என்று இனி யார் கேட்டாலும் நான் சரியாகச் சொல்வேன். கல்லறைத் தோட்டத்தில், மதிலுக்கு இந்தப் பக்கம், சாலையிலிருந்து வந்தால் மர நிழலில். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'ல்' ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று நடுப்பகலில் பேத்திக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். சேகண்டி அடித்தது, ஆலை நின்றது, காது அடைத்தது. அந்த அடைப்புக்குள்ளிருந்து, மிகவும் பழகிய குரல் ஒன்று, "அண்ணே," என்றது. கிட்ட இல்லை. ஊமையன் மூலையில்.

நான் திரும்பிப் பார்த்தேன்.